ஓடலாமா, ஓட வேண்டுமா? பேஸ்பாலுக்குக் கிரிக்கெட் தவறான வாசல்

பெங்களூரின் மேற்குப் பகுதியில், நான் ஆய்வு செய்யும் வளாகத்திலிருந்து நடந்து போகும் தொலைவில் ஒரு கல்லூரி மைதானம் இருக்கிறது. சனிக்கிழமைக் காலைகளில் அங்கே இருபது பேர் பேஸ்பால் பழகுகிறார்கள். கன்னடம், தமிழ், மலையாளம், மணிப்புரி என நான்கு தாய்மொழிகள் கலந்த கூட்டம். நான் ஆடுவதில்லை. பிழையில்லாமல் எழுதத் தெரியும் என்ற ஒரே தகுதியால் மூன்று பருவங்களாக ஸ்கோர் ஏடு என் கையில் இருக்கிறது.

சென்ற மாதப் பயிற்சி ஆட்டத்தில் நடந்தது இது. ஒருவர் ஏற்கெனவே அவுட். முதல் பேஸில் ஒரு மாணவர் நின்றிருந்தார். பேட்டர் பந்தை உயரத் தூக்கி அடித்தார். நின்றிருந்தவர் திரும்பிப் பாராமல் இரண்டாம் பேஸை நோக்கி ஓடினார். பந்து வானில் இருக்கையிலேயே எதிர்முனையைத் தொட்டுவிடுவது கிரிக்கெட் ஆடி வளர்ந்த எவருக்கும் பழக்கம். பந்து பிடிபட்டது. பிடித்தவர் அதை முதல் பேஸுக்கு எறிந்தார். அங்கே நின்றவர் பந்தோடு பேஸை மிதித்தார். அம்பயர் ஓடியவருக்கும் அவுட் கொடுத்தார். “என்னை யாருமே தொடலையே” என்று மாணவர் திகைத்தபோது, “ரன் அவுட் மாதிரிதான்டா, உனக்கு முன்னால பந்து வந்துடுச்சு” என்று அணித்தலைவர் விளக்கினார்.

அரைமணி நேரம் கழித்து அதே மாணவர் இரண்டாம் பேஸில் நின்றார். முதல் பேஸ் காலி. தரையோடு உருண்டு வந்த பந்தை ஷார்ட்ஸ்டாப் எடுத்து மூன்றாம் பேஸுக்கு எறிந்தார். அங்கிருந்தவர் பந்தைப் பிடித்து பேஸை மிதித்தார். மூன்றாம் பேஸை நோக்கி ஓடிவந்த நம் மாணவர் தலையைத் தாழ்த்திக்கொண்டு, தானாகவே பெஞ்சுக்கு நடந்தார். சற்றுமுன் கற்ற பாடத்தை அவர் ஒழுங்காக நினைவில் வைத்திருந்தார்: பந்து முன்னால் வந்துவிட்டது, ஆகவே அவுட். உண்மையில் அவர் அந்த நொடியில் அவுட்டே இல்லை. பந்தை வைத்திருந்தவர் அவரைத் தொட்டிருக்க வேண்டும். ஓட்டத்தைக் கைவிட்டு வெளியேறியதற்காகத்தான் பிறகு அம்பயர் கை தூக்கினார்.

மாணவர்மீது எனக்குக் குறையில்லை. தவறு “மாதிரிதான்” என்ற அந்த ஒற்றைச் சொல்லில் இருந்தது. இந்தியாவில் பேஸ்பாலைக் கற்பிக்கும் எவரும் அதைக் கிரிக்கெட்டின் வழியாகவே கற்பிக்கிறார்கள். மட்டை இருக்கிறது, பந்து இருக்கிறது, வீசுபவர் இருக்கிறார், ரன் இருக்கிறது; ஆகவே இது அமெரிக்கக் கிரிக்கெட். இந்த ஒப்புமை பேஸ்பாலின் நடுநாயகமான ஒன்றை மாணவரின் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது என்பதே என் கருத்து. மட்டையில் தொடங்கினால் இந்த ஆட்டம் விளங்காது. பேஸில் தொடங்க வேண்டும்.

தொடங்கிப் பார்ப்போம். ஒரு சதுரம், பக்கத்துக்கு 90 அடி. நான்கு மூலையிலும் நான்கு பேஸ்கள், அவற்றுள் நான்காவது ஹோம் பிளேட், அதாவது புறப்பட்ட இடம். அங்கிருந்து கிளம்பி மூன்று மூலைகளையும் வரிசையாகத் தொட்டு வீடு திரும்புபவருக்கு ஒரு ரன். பந்து எவ்வளவு தொலைவு போனது என்பதற்கு மதிப்பெண் ஏதுமில்லை. ஆள் வீடு திரும்பினாரா என்பதே கணக்கு. அணிக்கு ஒன்பது பேர், ஒன்பது இன்னிங்ஸ். ஒவ்வோர் இன்னிங்ஸிலும் மூன்று அவுட் ஆனதும் அணிகள் இடம் மாறும். இதன்மேல் ஒரே ஓர் அடிப்படை விதி: ஒரு பேஸில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் நிற்கலாம். சிக்கலானவை என்று பெயர்பெற்ற விதிகளில் பாதி இந்த ஒற்றை வரியிலிருந்து பிறப்பவை.

எப்படி? பேட்டர் பந்தைக் களத்துக்குள் அடித்துவிட்டால் அவர் முதல் பேஸுக்கு ஓடியே ஆக வேண்டும். கிரிக்கெட்டில் அடித்துவிட்டு நிற்கலாம். இங்கே அந்த உரிமை இல்லை. முதல் பேஸில் ஏற்கெனவே ஒருவர் இருந்தால், பின்னால் வருபவருக்கு இடம்விட்டு அவர் இரண்டாம் பேஸுக்கு ஓடியாக வேண்டும். இரண்டாம் பேஸிலும் ஒருவர் இருந்தால் அவரும் நகர்ந்தாக வேண்டும். ஆனால் முதல் பேஸ் காலியாக இருந்து இரண்டாம் பேஸில் மட்டும் ஒருவர் நின்றால் அவரை யாரும் தள்ளவில்லை. அவர் ஓடலாம், நிற்கலாம்.

மொழியியல் மாணவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு மணி அடித்திருக்கும். நாம் வினைப்பாங்கு என்று வகுப்பில் படிப்பது இதைத்தான். தமிழில் “ஓடலாம்”, “ஓட வேண்டும்”. கன்னடத்தில் “ஓடபஹுது”, “ஓடபேகு”. ஒன்று இசைவு, மற்றொன்று கட்டாயம். பேஸ்பாலில் ஒரு ரன்னரை அவுட் ஆக்கும் முறை இந்த வேறுபாட்டைப் பொறுத்தே அமைகிறது. “ஓட வேண்டும்” என்ற நிலையில் இருப்பவரைத் தொடத் தேவையில்லை. அவர் போய்ச் சேரவேண்டிய பேஸைப் பந்தோடு மிதித்தால் போதும். “ஓடலாம்” என்ற நிலையில் இருப்பவரைப் பந்தோடு தொட்டாக வேண்டும். பேஸ் கட்டாயத்துக்கு, ஆள் விருப்பத்துக்கு. இவ்வளவுதான்.

நம் மாணவரின் இரண்டு நிகழ்வுகளையும் இதில் வைத்துப் பாருங்கள். முதலாவதில் பந்து தரையில் விழாமல் பிடிபட்டது. அப்போது ரன்னர் தாம் நின்ற பேஸுக்குத் திரும்பியாக வேண்டும். கட்டாயம், எனவே பேஸை மிதித்தால் போதும். (விதிநூல் இதைத் தள்ளப்பட்ட ரன்னரின் கணக்கில் சேர்ப்பதில்லை, முறையீடு என்று தனியாக வகைப்படுத்துகிறது. நுணுக்கம் தேடுவோர் பின்னூட்டத்தில் என்னைப் பிடித்துக்கொள்வதற்கு முன் சொல்லிவைக்கிறேன். மாணவருக்கு விளக்க “திரும்ப வேண்டும்” என்பதே போதும்.) இரண்டாவதில் அவர் பின்னால் எவரும் இல்லை. விருப்பம், எனவே ஆளைத் தொட வேண்டும். “ரன் அவுட் மாதிரி” என்ற விளக்கம் இவ்விரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிவிட்டது.

இந்தப் பாங்கு ஆட்டத்தின் நடுவிலேயே மாறவும் கூடும் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. முதல் பேஸில் ஒருவர் இருக்கிறார். பேட்டர் அடித்த பந்து முதல் பேஸருகே இருப்பவரிடம் உருண்டு வருகிறது. வழக்கமாக அவர் பந்தை இரண்டாம் பேஸுக்கு எறிவார். அங்கே மிதித்து ஒரு அவுட், மீண்டும் முதல் பேஸுக்கு எறிந்து மற்றொரு அவுட், டபுள் பிளே. மாறாக அவர் முதலில் தம் பேஸை மிதித்துப் பேட்டரை அவுட் ஆக்கிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். இப்போது முன்னால் ஓடிக்கொண்டிருப்பவரைத் தள்ளுவதற்குப் பின்னால் ஆள் இல்லை. அவருடைய “வேண்டும்” பாதி வழியில் “லாம்” ஆகிவிட்டது. இரண்டாம் பேஸில் காத்திருப்பவர் பேஸை மிதித்துப் பயனில்லை, அவரைத் தொட்டாக வேண்டும். களத்திலிருக்கும் ஒன்பது பேரும் இதைக் கணப்பொழுதில் கணக்கிட வேண்டும். தொடரின் முற்பகுதியில் ஒரு சொல்லை மாற்றினால் பிற்பகுதியின் வினைமுற்று மாறுவதைப் போன்றது இது.

உலகெங்கும் குழப்பத்துக்குப் பெயர்போன இன்ஃபீல்டு ஃபிளை விதியும் இதே ஊற்றிலிருந்து வருவதுதான். முதல் இரண்டு பேஸ்களிலும் ஆள் இருக்கிறார்கள், எவரும் அவுட் ஆகவில்லை. பேட்டர் பந்தைச் செங்குத்தாகத் தூக்கிவிட்டார்; அது உட்களத்தில் நிற்பவர் கையில் சுகமாக விழப்போகிறது. அவர் பிடித்தால் ரன்னர்கள் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். வேண்டுமென்றே தவறவிட்டால் அவர்கள் ஓட வேண்டும். ரன்னர் நின்றால் இவர் தவறவிடுவார், ஓடினால் பிடிப்பார். எப்படியும் இரண்டு அவுட். அடுத்தவருடைய கடமை என்னவென்று தீர்மானிக்கும் அதிகாரம் அவருடைய எதிரியின் கையில் போய்விடுகிறது. 1890-களில் வந்த விதி அந்த அதிகாரத்தைப் பறித்தது: பந்து வானில் இருக்கும்போதே அம்பயர் பேட்டரை அவுட் என்று அறிவித்துவிடுவார். பேட்டர் இல்லையேல் தள்ளுதல் இல்லை, கட்டாயம் இல்லை. முதல் பேஸில் ஆள் இருந்து இரண்டு அவுட்டுக்குக் குறைவாக இருக்கையில், மூன்றாவது ஸ்ட்ரைக்கைக் கேட்சர் தவறவிட்டாலும் பேட்டர் அவுட்தான் என்ற விதிக்கும் காரணம் இதுவே.

1975-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகச் சட்ட ஆய்விதழில் இந்த ஒரு விதியைப் பற்றி வில்லியம் ஸ்டீவன்ஸ் எழுதிய கட்டுரை முதலில் ஆசிரியர் பெயரின்றி வந்தது. எட்டே பக்கம். கனவான்களின் நடத்தையை நம்பியிருந்த ஆட்டம், அந்த நம்பிக்கை தேய்ந்தபோது எழுதப்பட்ட விதியைத் தேடியது என்றும், ஆங்கிலேயப் பொதுச்சட்டம் வளர்ந்த விதமும் அதுதான் என்றும் பாதி வேடிக்கையாகவும் பாதி மெய்யாகவும் அதில் வாதிட்டிருந்தார். சட்டம் படிக்கும் நண்பர்கள் தேடிப் படிக்கலாம். நானூறு பக்க ஆய்வேட்டில் மாட்டிக்கொண்டிருக்கும் என் போன்றவர்கள் பொறாமையோடு படிக்கலாம்.

கட்டாயம் அறவே இல்லாத இடத்தில் இந்த ஆட்டம் கபடிக்கு அருகே வந்துவிடுகிறது. பிட்சர் பந்தை எறியும் தருணத்தில் ரன்னர் தம் பொறுப்பில் அடுத்த பேஸுக்குப் பாய்வதைத் திருட்டு என்கிறார்கள். பேஸை விட்டுச் சில அடி நகர்ந்து நிற்பார். பிட்சர் திரும்பி எறிந்தால் பாய்ந்து கோட்டைக்குள் வந்துவிட வேண்டும். பாடிச் செல்பவர் கோட்டருகே ஒற்றைக் காலை நீட்டி வேவு பார்ப்பதைக் கண்டவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. ரிக்கி ஹெண்டர்சன் 1982-இல் ஒரே பருவத்தில் 130 பேஸ்களைத் திருடினார். 2023-இல் மேஜர் லீக் அமைப்பு, ஒரு பேட்டர் நிற்கும்போது பிட்சர் ரன்னரை மிரட்டித் திரும்பும் தடவைகளை இரண்டாகக் கட்டுப்படுத்தியது. பேஸ்களின் அளவையும் 15 அங்குலத்திலிருந்து 18 ஆக்கியது. முந்தைய ஆண்டில் 2,486 ஆக இருந்த திருட்டு அந்த ஆண்டில் 3,503 ஆனது. காவலரின் உரிமையைச் சற்றே குறைத்தால் “லாம்” என்பதன் எடை எவ்வளவு கூடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எண் எனக்குக் கிடைக்கவில்லை.

இனி மட்டைக்கு வரலாம். இங்கும் கிரிக்கெட் உதவுவதைவிடக் கெடுப்பதே அதிகம். முதல் இடறல் “ஸ்ட்ரைக்” என்ற சொல். அடித்தல் என்று பொருள்படும் சொல், அடிக்காமல் விட்டதற்கு ஏன் பெயராக வந்தது? தொடக்கத்தில் பேட்டர் மட்டையை வீசித் தவறினால்தான் ஸ்ட்ரைக். நல்ல பந்துகளையும் வீசாமல் விட்டு நேரம் கடத்துவோர் பெருகவே, 1858-இல் அம்பயரே ஸ்ட்ரைக் என்று அறிவிக்கும் முறை வந்தது. அடித்திருக்க வேண்டிய பந்து, ஆகவே அடித்ததாகக் கொள்ளப்படும் பந்து. பொருள்விரிவுக்கு வகுப்பில் காட்டத் தகுந்த எடுத்துக்காட்டு. இதைத் தமிழில் “அடி” என்று மொழிபெயர்ப்பவர்களை நான் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்: ஸ்ட்ரைக் என்றே விட்டுவிடுங்கள். “அவுட்” நம் தெருக்களில் எப்போதோ தமிழாகிவிட்டது, இதுவும் ஆகட்டும்.

கிரிக்கெட்டில் ஸ்டம்பு மண்ணில் நடப்பட்டிருக்கிறது. பேஸ்பாலில் அது காற்றில் இருக்கிறது: 17 அங்குல அகலமுள்ள ஹோம் பிளேட்டுக்கு மேலே, பேட்டரின் நெஞ்சுக்கும் முழங்காலுக்கும் இடைப்பட்ட, அம்பயரின் கண் வரையும் ஒரு சன்னல். அதன் வழியே வந்து விடப்பட்டால் ஸ்ட்ரைக். வெளியே போய் விடப்பட்டால் பால். மூன்று ஸ்ட்ரைக் என்றால் அவுட், நான்கு பால் என்றால் முதல் பேஸுக்கு இலவசப் பயணம். நான்கு என்ற எண் 1889-இல்தான் நிலைபெற்றது. ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்தை விட்டுவிடும் கலையில் தேர்ந்த நம்மூர் ராகுல் திராவிடுக்கு அந்தப் பொறுமைக்காகக் கிரிக்கெட் ஒரு ரன்னும் தந்ததில்லை. இங்கே நான்கு முறை விட்டால் பேஸே கிடைத்திருக்கும். மறுபுறம், குண்டப்பா விஸ்வநாத்தின் ஸ்கொயர் கட் இங்கே வெறும் ஃபவுல்! முன்னால் 90 பாகைக்குள் விழுவது மட்டுமே அடி. ஏனையவை முதல் இரண்டு ஸ்ட்ரைக் வரை கணக்கில் சேரும். சின்னசாமி மைதானத்தை நினைத்துக்கொண்டு இந்த வரியை எழுதக் கொஞ்சம் மனம் வலித்தது.

பந்தை எறிவதிலும் இதே கதைதான். கிரிக்கெட்டில் முழங்கையை 15 பாகைக்குமேல் நீட்டி எறிவது குற்றம். 1995 டிசம்பரில் மெல்பர்னில் முத்தையா முரளிதரனின் பந்துகளை எறி என்று கூறி நோ-பால் ஆக்கியதன் சர்ச்சை எத்தனை ஆண்டு நீண்டது என்பது தெரியும். அந்தக் குற்றமே பேஸ்பாலின் முதல் பாடம். 2008-இல் இந்தியாவெங்கும் நடந்த “மில்லியன் டாலர் ஆர்ம்” போட்டியை நினைவுகூருங்கள், ஏ. ஆர். ரஹ்மான் இசையில் 2014-இல் படமாகவும் வந்தது. கிரிக்கெட் தேசத்தில் பேஸ்பாலுக்கேற்ற வேகமான கைகள் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் எழுந்த போட்டி. 37,000-க்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டனர். மேலே வந்த ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவருமே உத்தரப் பிரதேசத்து ஈட்டி எறிபவர்கள். அந்த ஆண்டு நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அவர்களை ஒப்பந்தம் செய்தது. முதல்நிலை லீகை இருவரும் எட்டவில்லை. ஆனால் தேடியவர்கள் தேடிய வாசலில் விடை இல்லை என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அவுட் என்பதன் மதிப்பும் வேறு. கிரிக்கெட்டில் அவுட் ஆனவர் அந்த இன்னிங்ஸ் முழுவதும் வேடிக்கை பார்க்க வேண்டும். இங்கே வரிசை சுற்றி வந்தால் மறுபடியும் மட்டை கைக்கு வரும். பத்தில் மூன்று முறை அடித்துப் பேஸ் ஏறுபவர் சிறந்த ஆட்டக்காரர். 1941-இல் டெட் வில்லியம்ஸ்.406 என்று முடித்ததை இன்றும் பேசுகிறார்கள். ஆகவே அவுட் ஒரு செலவு, மொத்தம் 27 காசு. ஒரு காசைக் கொடுத்து ரன்னரை ஒரு பேஸ் முன்னேற்றுவதைத் தியாகப் பண்ட் என்பார்கள்: பேட்டர் மட்டையைப் பிடித்தபடி பந்தை மெல்லத் தட்டிவிட்டுத் தான் அவுட் ஆவார். நம் மாணவர்களை இதைச் செய்யவைப்பது பெரும்பாடு. அவர்கள் முகத்தில் ஏதோ தற்கொலைக்குத் தூண்டப்பட்ட பாவனை. புள்ளியியலாளர்கள் கணக்கிட்டுப் பார்த்ததில், பெரும்பாலான சூழல்களில் இந்தப் பேரம் நட்டமே என்று தெரிந்து, மேல்நிலை ஆட்டத்தில் அது வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனால் நட்டமென்று அறிந்து தவிர்ப்பதும், அவுட் என்றாலே அவமானம் என்று அஞ்சித் தவிர்ப்பதும் வேறுவேறு.

“எல்லோருக்கும் தெரிந்தது கிரிக்கெட்தானே, தெரிந்ததிலிருந்துதானே தெரியாததற்குப் போக வேண்டும்” என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. சீகன்பால்கு 1716-இல் ஹாலேயில் தமிழ் இலக்கணத்தை லத்தீன் வார்ப்பில் ஊற்றி வெளியிட்டபோதும் இதே நியாயம்தான் இருந்திருக்கும். கற்பவருக்கு அது கைகொடுத்தது, தமிழின் சில கூறுகளை மறைக்கவும் செய்தது. என் மறுப்பு வேறொன்று: நமக்குத் தெரிந்தது கிரிக்கெட் மட்டும்தானா? கிளித்தட்டில் கோட்டில் காவல் நிற்பவரிடம் தொடுபடாமல் கடந்து, மறுமுனையை எட்டி, புறப்பட்ட இடத்துக்குத் திரும்புகிறோம். ஒளிந்து விளையாடும்போது தொட்டால் பிழைத்துக்கொள்ளும் தூணை எங்கள் ஊரில் தாச்சி என்போம். பேஸ் என்பது அந்தத் தூணன்றி வேறென்ன? இங்கே லகோரி என்றும் தமிழ்நாட்டில் ஏழுகல் என்றும் ஆடும் ஆட்டத்தில் ஓடுபவர்மீது பந்தை எறிந்து அவுட் ஆக்குகிறோம். பேஸ்பாலின் மூதாதை ஆட்டங்களிலும் அப்படித்தான் இருந்தது. 1845-இல் நியூயார்க்கின் நிக்கர்பாக்கர் கழகம் எழுதிய விதிகள் ஓடுபவர்மீது எறியக் கூடாதென்று தடுத்தன. பேஸை மிதிப்பது, ஆளைத் தொடுவது என்ற இரண்டு வழிகள் உறுதிப்பட்டதும், மெத்தென்ற பந்து கடினமாக முடிந்ததும் அந்தத் தடையால்தான்.

கிளித்தட்டும் முழுமையான வாசலாகிவிடாது. பின்னால் வருபவர் முன்னால் நிற்பவரைத் தள்ளும் கட்டாயம் அதில் கிடையாது. பெங்களூரில் பிறந்த மாணவர் பலர் அதை ஆடியதுமில்லை. ஆனாலும் சென்ற இரண்டு வாரங்களாக மட்டையை மூட்டைகட்டி வைத்துவிட்டு, நான்கு செங்கல்லும் ஒரு டென்னிஸ் பந்துமாக, “வேண்டும்”, “லாம்” என்று உரக்கச் சொல்லி ஓடும் பயிற்சியை அணித்தலைவர் தொடங்கியிருக்கிறார். கன்னட மாணவர்கள் “ஓடபேகு” என்று கத்துகிறார்கள். அணியில் கிரிக்கெட்டே ஆடாத இரண்டு பெண்கள் எல்லோரையும்விட முன்னதாகப் பிடித்துக்கொண்டார்கள். இருபது பேரை வைத்து முடிவு கட்டும் துணிச்சல் எனக்கில்லை. ஸ்கோர் ஏட்டின் ஓரத்தில் குறித்து மட்டும் வைத்திருக்கிறேன்.

ஒரு வேண்டுகோள். தமிழர் விளையாட்டுகளைத் தொகுத்து நூலாக்கியவர் ஒரு சொல்லாய்வாளர், தேவநேயப் பாவாணர். அந்த வேலை முடிந்துவிடவில்லை. ஓடிப்பிடித்து ஆடும் ஆட்டங்களில், தொட்டால் பிழைத்துக்கொள்ளும் இடத்தை உங்கள் ஊரில் என்ன சொல்லி அழைத்தீர்கள்? அங்கே இரண்டு பேர் சேர்ந்து நிற்க இடமுண்டா? ஊர்ப்பெயரோடு கீழே எழுதுங்கள். யாழ்ப்பாணம், மலேசியா நண்பர்களிடமிருந்தும் எதிர்பார்க்கிறேன். வரும் சனிக்கிழமை மழை இல்லையென்றால் மைதானத்தில் சொல்லிப் பார்க்கிறேன்.